பீரோவுக்குள் ஒரு மார்க் ஷீட்

எங்கள் சேர்மனுக்குக் கல்லூரி நடத்தத் தெரியவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள். அநியாயமான பேச்சு. அவருக்கு லாட்ஜ் நடத்தத் தெரியும். சமயபுரத்தில் மூன்று லாட்ஜ் வைத்து அமோகமாக நடத்தினார். அம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு ரூம் போட்டுக் கொடுத்துச் சேர்த்ததில், சென்னை நெடுஞ்சாலை ஓரமாக வயலை வாங்கி இன்ஜினியரிங் கல்லூரி கட்டினார். அப்போது இன்ஜினியரிங் சீட்டுக்கு அப்படி ஒரு கிராக்கி. கட்டடத்துக்கு பிளான் போட்டவரும் லாட்ஜுக்கு பிளான் போட்ட அதே ஆள்தான். அதனால் எங்கள் கல்லூரியில் நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு அறை உள்ளேயே பாத்ரூம். வகுப்பு நடக்கும்போது மூலையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கும். கணக்குப் பாடம் எடுக்கிற எனக்கு ஒரு மாதத்தில் அது பழகிவிட்டது. முதல் வருடப் பிள்ளைகள்தான் தீபாவளி வரைக்கும் சிரிப்பார்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். காலை ஏழே முக்காலுக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே கல்லூரி பஸ் வரும். திருவானைக்காவலில் பிசிக்ஸ் சார் ஏறுவார். டோல்கேட்டில் நாலைந்து பிள்ளைகள். ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் மொத்தமே பதினோரு பேர். சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டு போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்து, "பரவலா உக்காருங்க மேடம், ஜன்னலுக்கு ஒருத்தரா" என்பார். ரோட்டில் போகிறவர்களுக்கு பஸ் நிறைந்திருப்பது போலத் தெரிய வேண்டுமாம். சேர்மன் உத்தரவு. எம்.எஸ்சி., எம்.பில். படித்துவிட்டு, ஜன்னலுக்குப் பொம்மையாக உட்கார்ந்து ஆறு வருடம் போய் வந்திருக்கிறேன்.

ஆபீசில் ஒருவர் இருந்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் என்று கதவில் எழுதியிருக்கும். எல்லோரும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம், ஏனென்றால் அவர் லாட்ஜ் மேனேஜராக இருந்தவர். சேர்மன் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. பழக்கம் போகவில்லை, அவ்வளவுதான். அவர் தலைக்கு மேலே பலகையில் எல்லா வகுப்புச் சாவிகளும் நம்பர் போட்டுத் தொங்கும். அட்மிஷன் கேட்டு யாராவது போன் செய்தால், "எத்தனை பேருங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருமுறை ஒரு அப்பாவிடம் "ஏசியா, நான் ஏசியா?" என்று கேட்டுவிட்டார். அந்த அப்பா மெக்கானிக்கல் என்று பதில் சொல்லியிருக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் கையை நீட்டி, "ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் குடுங்க" என்றார்.

"எதுக்குங்க? பாத்துட்டுத் தருவீங்களா?"

"அதெல்லாம் ரூம் காலி பண்ணும்போது வாங்கிக்கலாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமாஷாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்பு முதல் எம்.பில். வரை அத்தனையையும் எடுத்து நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்து, பச்சை ஃபைலில் போட்டு, பின்னால் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். சாமர்த்தியசாலி என்று பெயர் எடுத்தவள் நான். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த பீரோவில் ஆசிரியர்களுடையது மேல் இரண்டு தட்டு, மாணவர்களுடையது கீழே மூன்று தட்டு. நடுவில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றால் ஃபைல் வராது. மாணவனுக்கும் அதே சட்டம்தான். இப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. "நாங்கள் வைத்துக்கொள்வதில்லை" என்று பதில் போனது. அந்தப் பதிலின் நகலும் அதே பீரோவில்தான் இருந்தது.

மே மாதம் வந்தால் எங்களுக்கு லீவு கிடையாது. ஆள் பிடிக்கப் போக வேண்டும். ஆளுக்கு ஐந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் ஜூனில் வகுப்பு அட்டவணையில் நம் பெயர் இருக்கும். சேர்மன் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் புத்தி சொல்வார். "வரேன்னு வாயில சொல்றதை நம்பாதீங்கம்மா. ஒரிஜினலை வாங்கிட்டு வந்துருங்க. ஒரிஜினல் வந்துட்டா பிள்ளை தன்னால வரும்." அடையாள அட்டையைக் கவுன்டரில் வாங்கி வைத்துக்கொண்டால் ஆள் எங்கே ஓடிவிடும் என்கிற தொழில் ரகசியம்.

மூன்று வருடத்துக்கு முந்தைய மே மாதம் எனக்கும் பிசிக்ஸ் சாருக்கும் பச்சைமலை விழுந்தது. துறையூரில் பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு பிசிக்ஸ் சார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். அந்த பஸ்ஸை விட்டால் திரும்பிவர சாயங்காலம்தான் அடுத்தது. அதுவரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். நாலு வீட்டில் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது வீட்டில் ஒரு அம்மா குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பெண் அந்த வருடம்தான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க்.

அவ்வளவு நல்ல மார்க்கைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் சரஸ்வதி வந்து உட்கார்ந்துவிட்டாள். சிவில் இன்ஜினியரிங் படித்தால் பாலம் கட்டலாம், அணை கட்டலாம், உங்கள் மலைக்கு உங்கள் பெண்ணே ரோடு போடலாம் என்று மூச்சு விடாமல் அளந்தேன். பிசிக்ஸ் சார் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி தலையை ஆட்டினார். அந்த அம்மா உள்ளே போய் இரண்டு மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இது ஒண்ணுதாங்க டீச்சர் இருக்கு. பத்திரமா இருக்குங்களா?"

"பீரோல வெச்சுப் பூட்டிருவோம்மா. வீட்டுல இருக்கறதைவிடப் பத்திரம்."

அன்று முழுக்க நான் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

அந்தப் பெண் சிவிலில் சேர்ந்தபோது வகுப்பில் ஒன்பது பேர். இரண்டாம் வருடத்தில் மூன்று பேர். சிவில் பாடம் நடத்திய சார் பெங்களூரு போய்விட்டார். ஃபைல்கூட வேண்டாம் என்று போய்விட்டார். அப்படி ஒரு வெறுப்பு. அப்புறம் கட்டுமானக் கணக்கு என் தலையில் விழுந்தது. முதல் நாள் ராத்திரி யூடியூபில் நான் பார்த்ததை மறுநாள் காலையில் அவர்களுக்குச் சொல்வேன். அவர்களும் அதே வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள், மரியாதைக்குச் சொல்ல மாட்டார்கள். கான்கிரீட் பாடம் பிசிக்ஸ் சாருக்குப் போனது. எனக்கு என்ன சார் தெரியும் என்று அவர் முதல்வரிடம் கேட்டார். "கான்கிரீட்டும் ஒரு திடப்பொருள்தானே, பாத்துக்கங்க" என்றார் முதல்வர். நான் சேர்ந்த பிறகு வந்த நாலாவது முதல்வர் அவர். ஐந்தாவதாக வந்தவருக்குப் பெயர்ப்பலகைகூட எழுதவில்லை, சாக்பீஸ்தான்.

நில அளவை செய்கிற கருவி ஒன்று இருந்தது, அதில் கண்ணாடி இல்லை. ஹாஸ்டலில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வரும். மெஸ்ஸில் வாரத்துக்கு நாலு நாள் உப்புமா. பிள்ளைகள் பொங்கி எழுந்து மனு எழுதினார்கள். மனுவை வாங்கிப் படித்த மேனேஜர், "சாப்பாட்டுக்கு லாட்ஜ் பொறுப்பில்லைங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் மனுவில் கையெழுத்துப் போட்டதோடு சரி, சண்டைக்கு வரவில்லை. என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "மேம், நாங்க பாலம் எப்ப பாப்போம்?"

என் வாயால் வந்த வினை. ஒரு சனிக்கிழமை மூன்று பேரையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கொள்ளிடம் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். மணலுக்குள்ளே தூணை எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவார்கள், வெள்ளம் வந்து அடிமணலை அரித்தால் எப்படி நிற்கும் என்று கேட்டாள். அருமையான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. "அது அடுத்த செமஸ்டர்ல வரும்மா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில். பாவம் என்று பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் வருடம் முடியப்போகிற நேரம். ஒரு நாள் மத்தியானம் அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து போனை நீட்டினாள். கிராமத் தபால் ஆபீஸ் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அதற்குப் பரீட்சை கிடையாது, பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து எடுப்பார்கள். எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஒரிஜினல் மார்க் ஷீட்டோடு திருச்சிக்குச் சரிபார்ப்புக்கு வர வேண்டும், வராவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது. அன்று திங்கள். சரியாக ஏழு நாள்.

"ஆபீஸ்ல கேட்டேன் மேம். படிப்பு முடிஞ்சாத்தான் தருவாங்களாம். இல்லன்னா மீதி வருஷத்து ஃபீஸ் மொத்தத்தையும் கட்டணுமாம்."

"உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மா உங்களைக் கேக்கச் சொன்னாங்க. நீங்கதான வாங்கிட்டு வந்தீங்கன்னு."

குத்திக்காட்டவில்லை. அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். நேராகச் சேர்மன் அறைக்குப் போனேன்.

சேர்மன் குரலை உயர்த்தவே மாட்டார். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மரியாதை. "உக்காருங்கம்மா, காபி சொல்லவா?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு பார்ட்டி நாலு நாளைக்கு ரூம் போட்டுட்டு ரெண்டாம் நாளே கிளம்பறேன்னா, நாலு நாள் வாடகையக் கட்டித்தானம்மா ஆகணும்?"

"இது படிக்கிற பொண்ணு சார். பார்ட்டிங்கறீங்க."

"சரி, பார்ட்டி வேணாம். கெஸ்ட்டுன்னு வெச்சுக்கங்க."

"அரசாங்க வேலை சார். அந்தக் குடும்பத்துல முதல் வேலை. ஒரு நாள் குடுங்க, காட்டிட்டு நானே திருப்பிக் கொண்டாந்து தரேன்."

"வேலை கிடைச்சா அது எதுக்கும்மா திரும்ப வருது? அது போனா மீதி ரெண்டும் போகும். சிவிலை மூடணும். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷனை வெச்சுக்கிட்டு டிபார்ட்மெண்டை மூட முடியுமா, நீங்களே சொல்லுங்க." இப்படிச் சொல்லிவிட்டு எனக்கு வரவேண்டிய காபியை அவரே குடித்தார்.

இன்ஸ்பெக்ஷன் என்றால் மேலிடத்திலிருந்து நாலு பேர் குழுவாக வந்து, கல்லூரி உண்மையிலேயே கல்லூரிதானா என்று பார்ப்பது. அந்த ஒரு நாள் எங்கள் கல்லூரி கல்லூரி மாதிரி இருக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கும். துரு ஏறிய லேத்துக்குப் பச்சை பெயின்ட் அடிப்பார்கள், குழுவில் யாராவது தொட்டுவிட்டால் கையில் ஒட்டும் என்று பக்கத்திலேயே ஒரு ஆள் நிற்பார். முன்பின் பார்த்திராத புதுப் பேராசிரியர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து எங்களிடமே கழிவறை எங்கே என்று கேட்பார்கள். மேஜைக்கு விரிக்க லாட்ஜிலிருந்து பெட்ஷீட் வரும், முத்திரை அடியில் போகும்படி விரிக்க வேண்டும். அன்று ஆசிரியர்கள் ஒரிஜினல் சான்றிதழோடு குழுவின் முன்னால் நிற்க வேண்டும் என்பதால், காலையில் எங்கள் ஃபைலை எங்கள் கையில் கொடுத்து, சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

அந்த வருடம் ஒரு புதுச் சிக்கல். போன முறை குழுவில் ஒருவர் ஒரு பையனிடம் உன் மார்க் ஷீட் எங்கே இருக்கிறது என்று கேட்க, அவன் அரிச்சந்திரன் பேரன் மாதிரி "பீரோல சார்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். அதைப் பூசி மெழுகச் சேர்மனுக்கு நாக்கு தள்ளிப்போனது. இந்த முறை மேனேஜர் யோசனை சொன்னார். பத்துப் பிள்ளைகளை, அவரவர் ஒரிஜினலைக் கையில் கொடுத்து, செமினார் ஹாலில் உட்கார வைத்துவிடலாம். பாருங்கள் சார், எல்லாம் அவர்களிடமே இருக்கிறது என்று காட்டலாம். நாலு மணிக்குத் திரும்ப வாங்கிப் பூட்டிவிடலாம். சேர்மனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அமைதியான பிள்ளைகளாகப் பத்துப் பேரை எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

நான் பத்தாவது பெயராக அவளை எழுதினேன். மேனேஜர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு வேணாங்க மேடம். இதுதான கேட்டுக்கிட்டு அலையுது."

"சிவில்ல ஒரு ஆளாவது வேணாமா சார்? மீதி ரெண்டுல ஒருத்தன் ஒரு மாசமா வரல. இன்னொருத்தன் வாயைத் தொறந்தா உப்புமாவுல ஆரம்பிப்பான். அவனைப் போடட்டுமா?"

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. யோசித்து யோசித்துப் பார்த்தார். "உங்க பொறுப்புல விடறேன். பத்து ஃபைலுக்கும் நீங்க கையெழுத்துப் போடுங்க. பத்தும் வந்தாத்தான் நாலு மணிக்குப் பேச்சு. இல்லைன்னா அப்புறம் உங்க ஃபைலை மறந்துருங்க" என்றார். நோட்டை நீட்டினார், போட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று அந்த நிமிடம் எனக்கே சரியாகத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து வருடத்தில் மூன்றாவது முறையாக என் ஃபைலைக் கையில் வாங்கினேன். எம்.எஸ்சி. சான்றிதழில் பூச்சி ஒரு ஓரத்தைத் தின்றிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன். அந்தப் பெண் தன்னுடையதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் ஹாலில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

குழு வந்தது. நாலு பேரில் மூத்தவர் நேராக அவளிடம்தான் வந்தார். "சர்டிபிகேட் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

"இப்ப இருக்கு சார்."

பின்னால் நின்ற சேர்மன் பல்லைக் காட்டிச் சிரித்தார். மூத்தவர் திருப்தியாகக் குறித்துக்கொண்டார். ஒரு மணிக்குக் குழு சாப்பாட்டுக்குப் புறப்பட்டது. சாப்பாடு கல்லூரியில் இல்லை, திருச்சியில் ஒரு பெரிய ஓட்டலில். எல்லோரும் வாசலில் நிற்கிற காரை நோக்கி நடந்தார்கள். நான் அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"கிளம்பு."

"எங்க மேம்?"

"வீட்டுக்கு. மார்க் ஷீட்டோட. திங்கக்கிழமை போய்க் காட்டு."

அவள் வெளிறிப்போனாள். "திருட்டு இல்லையா மேம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீ எழுதின பரீட்சை, நீ வாங்கின மார்க்கு. அதை நீ எடுத்துட்டுப் போனா திருட்டா? அப்ப அதைப் பூட்டி வெச்சவங்களுக்கு என்னடி பேரு? போடி பேசாம."

"கேட்ல பையைத் தொறந்து பாப்பாங்க மேம்."

"பையில வைக்காத. கையில வெச்சுக்கிட்டு, அந்தக் கார்க்காரங்க பக்கத்துலயே நடந்து போ."

அவள் போனாள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேட்டில் வாட்ச்மேன் ஒரு பக்கம், சேர்மன் ஒரு பக்கம், மேனேஜர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். ஃபைலும் கையுமாக அவள் வருவதைச் சேர்மன் பார்த்துவிட்டார். அதே நேரம் மூத்தவரும் பார்த்தார்.

"என்னம்மா, எங்க கிளம்பிட்டே?"

"வீட்டுக்கு சார். சர்டிபிகேட்டைப் பத்திரமா வெச்சுட்டு வரலாம்னு."

"நல்ல பழக்கம்" என்றார் மூத்தவர். சேர்மனைப் பார்த்துத் தலையசைத்தார். சேர்மனின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. வேறு வழி இல்லை. "பாத்து பத்திரமா போம்மா" என்று தன் வாயாலேயே சொல்லி வழியனுப்பி வைத்தார். அவள் கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, துறையூர்ப் பக்கம் போகிற பஸ்ஸுக்காக நின்றாள். பஸ் வந்து அவள் ஏறுகிற வரைக்கும் நான் தூணை விட்டு நகரவில்லை.

என் கையிலும் அப்போது என் ஃபைல் இருந்தது. நானும் அப்படியே நடந்து போயிருக்கலாமே என்று கேட்பார்கள். கேட்டவர்கள் இருக்கிறார்கள், என் வீட்டுக்காரர் முதல் ஆள். நானும் பஸ் ஏறினால் மீதி ஒன்பது ஃபைலுக்குப் போட்ட கையெழுத்து அந்தப் பிள்ளைகளின் தலையில் விடியும். அது ஒரு காரணம். போனால் எனக்கு வேறு வேலை இல்லை, அதுதான் பெரிய காரணம். தியாகம் என்று யாரும் மாலை போட வர வேண்டாம்.

நாலு மணிக்கு மேனேஜர் எண்ணினார். ஒன்பது. திரும்ப எண்ணினார். ஒன்பதேதான். சேர்மன் அறைக்குக் கூட்டிப்போனார்கள். இந்த முறை காபி கேட்கவில்லை.

"நீங்கதானம்மா அனுப்பினது?"

"நீங்கதான சார் வழியனுப்பினீங்க. பத்திரமா போம்மான்னு."

சேர்மன் மேனேஜரிடம், "மேடம் ஃபைலை வாங்கி அடித்தட்டுல வைங்க" என்று மட்டும் சொன்னார். வைத்தார்கள். கல்லூரியின் பெயரையோ ஆட்களின் பெயரையோ நான் இதில் எழுதாததற்குக் காரணம் நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் போன் செய்தாள். குரலே மாறியிருந்தது. "முடிஞ்சுது மேம். ரெண்டு நிமிஷம்தான் பாத்தாங்க. பாத்துட்டு கையிலயே திருப்பிக் குடுத்துட்டாங்க." வேலை கிடைத்ததைவிட, திருப்பிக் கொடுத்ததைத்தான் அவள் ஆச்சரியமாக இரண்டு முறை சொன்னாள். நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். பிசிக்ஸ் சார் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

இந்த வருடம் மே மாதம் மறுபடி எனக்குப் பச்சைமலை விழுந்தது. தண்டனைதான். பிசிக்ஸ் சார் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார். போன ஊர், அவள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. ஓட்டுக் கட்டடத்தில் சின்னத் தபால் ஆபீஸ். உள்ளே அவள்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தோம். கன்னம் பூசினாற்போல ஆகியிருந்தது, முத்திரை குத்துகிற கை உறுதியாக இருந்தது. பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

டீ குடித்துவிட்டு நான் வந்த வேலையைப் பார்க்கப் போனேன். எதிர் வீட்டிலேயே பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் இருந்தாள். நல்ல மார்க். நான் ஆரம்பித்தேன், கம்ப்யூட்டர் சயின்ஸ், பெரிய கம்பெனி, சென்னை. வாய் தன்பாட்டுக்குப் போனது. அந்தப் பெண்ணின் அம்மா மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டப் போனார். நீட்டுகிற நேரத்தில் தெருவுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ இவங்க காலேஜுலதான படிச்சே. குடுக்கலாமா?"

தபால் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தவள் என்னையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். என் ஃபைல் கதை அவளுக்குத் தெரியும், பிசிக்ஸ் சார் எப்போதோ போனில் சொல்லியிருக்கிறார். நீ வெளியே வர என் ஃபைலை அடகு வைத்தவள் நான், என்னையா யோசிக்கிறாய் என்று எனக்கு ஒரு நொடி பொத்துக்கொண்டு வந்தது. அவள் தெருவைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். ரொம்பத் தணிந்த குரலில், உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்.

"உங்க ஃபைல் குடுத்துட்டாங்களா மேம்?"

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். குடுத்துட்டாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு ஜூனில் வகுப்பு உண்டு.

"இல்லம்மா" என்றேன். "இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு."

அந்த அம்மா மார்க் ஷீட்டை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்து வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனார். உள்ளே பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது.